மூன்று தவறான விடைகள்

சரியான விடை எழுத என்னை யாரும் சம்பளத்துக்கு வைக்கவில்லை. அது புத்தகத்திலேயே இருக்கிறது. நான் எழுதுவது தவறான விடைகள், ஒரு கேள்விக்கு மூன்று. மராத்தி பேசும் ஊரில், பாணேர் என்கிற இடத்தில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்கக் குடியுரிமைக்காகப் படிக்கிறவர்களுக்கான பயிற்சிச் செயலி ஒன்றுக்கு இதைச் செய்கிறேன். அரசியல் சாசனம் எந்த ஆண்டு எழுதப்பட்டது, செனட்டர்கள் எத்தனை பேர், கொடியில் எத்தனை கோடுகள், இப்படி. உண்மையான தேர்வில் அதிகாரி எதிரே உட்கார்ந்து வாயால் கேட்பாராம், நாமும் வாயால் சொல்ல வேண்டுமாம். அதற்கு முன் வீட்டில் கைபேசியில் பழகிப் பார்க்கிறவர்களுக்குத்தான் நாங்கள். நான் அமெரிக்காவைப் பார்த்ததில்லை, பார்க்க ஆசையும் இல்லை. அந்த நாட்டின் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

தவறான விடை எழுதுவது லேசு என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் வந்து எழுதிப் பார்க்கட்டும். கிறுக்குத்தனமாக எழுதினால் ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள். ரொம்ப நெருக்கமாக எழுதினால் நன்றாகப் படித்தவனும் விழுந்துவிடுவான், மேலிடத்திலிருந்து மெயில் வரும். பாதி படித்தவன் அதைப் பார்த்து, இதுதானோ என்று ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் இத்தனை மண்டையுடைப்பு. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் மூளை வறண்டுபோய்விடும். அப்போது கைக்கு வருகிற எண்ணைப் போட்டுவிடுவேன். கைக்கு வருவதெல்லாம் எங்கள் வீட்டில் புழங்கிய எண்கள்தான்.

எங்கள் வீடு பக்கத்துச் சிஞ்ச்வட்டில், சொசைட்டி என்று இங்கே சொல்கிற மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றின் மேல்மாடியில், பதினொன்றாம் எண். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து இங்கே லேத் வேலைக்கு வந்தவர், போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. இப்போது அம்மாவும் நானும் மட்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மொட்டைமாடித் தொட்டிக்குச் சாயங்காலம் தண்ணீர் வரும். நிரம்பியதும் யாராவது மேலே போய் வால்வை மூட வேண்டும். மேல்மாடிக்காரர்கள் என்பதால் அந்த வேலை எங்கள் தலையில் விழுந்தது. எங்கள் வாசலிலிருந்து இருபத்திரண்டு படிகள். எனக்கு அந்த மொட்டைமாடி என்றாலே உயிர் போகும். கறுப்புத் தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம், யாரோ சுவர்ப்பக்கம் திரும்பி நின்று முணுமுணுப்பது போலக் கேட்கும். பெரும்பாலும் அந்த நேரம் பார்த்துத்தான் கரண்ட்டும் போகும்.

யார் மேலே போவது என்று முடிவு செய்ய அம்மா ஒரு முறை வைத்திருந்தாள். சப்பாத்தி உருட்டிக்கொண்டே எங்கள் இருவரிடமும் பொது அறிவுக் கேள்வி கேட்பாள். தப்பாகச் சொன்னவர் மேலே போக வேண்டும். அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன், வகுப்பில் எப்போதும் முதல். இருந்தும் தினம் அவன்தான் தப்பாகச் சொல்வான்.

“ஜப்பானுக்குத் தலைநகரம் எதுல?”

“சிங்கப்பூர்.”

“மூதி. போ, மேல போ.”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போவான். நான் அவனைச் சரியான மக்கு என்றே நினைத்திருந்தேன், அவ்வளவு பெருமை எனக்கு. ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல் கொதித்தது. அன்றைக்கும் போர்வைக்குள்ளிருந்தே ஒரு தப்பான விடையைச் சொல்லிவிட்டு, தள்ளாடி எழுந்து போனான். அன்றுதான் எனக்கு உறைத்தது. உறைத்த பிறகும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அவன் மென்பொருள் வேலைக்காக அமெரிக்கா போனான். ஞாயிறுதோறும் பேசுவான். பிறகு வேலை போயிற்று என்றான், வேறு ஊருக்கு மாறுகிறேன் என்றான், புது எண் தருகிறேன் என்றான். தரவில்லை. ஒன்பது வருஷமாயிற்று. தூதரகத்துக்கு எழுதினோம். அவனுடைய பழைய அறைத்தோழரைத் தேடிப் பிடித்தோம், அவருக்கும் தெரியவில்லை. செத்துப்போனான் என்று சொல்லவும் ஆளில்லை. ஒரு முழு மனிதனை விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாத நாடு அது. என் கோபம் இதுதான்.

போன மழைக்காலத்தில் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார் டாக்டர். ஒப்புதல் தாளை அம்மா வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

“அவன் இருக்கானா இல்லையான்னு தெரியாம நான் மயக்க மருந்து போட்டுக்கிட மாட்டேன். முழிக்காம போயிட்டேன்னா? அங்க போயி அவனத் தேடுததா, இங்கன விட்டுட்டு வந்துட்டேன்னு அழுததா? எனக்கு அது ஒண்ணு தெரியணும்ட்டி.”

நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். அம்மா அசையவில்லை.

அந்த வாரம்தான் எங்கள் புதுக் கேள்விகளுக்கான முன்னோட்ட முடிவுகள் வந்தன. செயலியில் ஏற்றும் முன் ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யார் எந்த விடையைத் தொட்டார்கள் என்று நீளமான ஓர் அட்டவணை. பதினேழாம் எண்காரர் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தார், மூன்று மட்டும் தப்பு. முதலில் இருந்த மாநிலங்கள் பதின்மூன்று, அவர் தொட்டது பதினொன்று. சாசனத் திருத்தங்கள் இருபத்தேழு, அவர் தொட்டது இருபத்திரண்டு. கீழவையில் வாக்குள்ள உறுப்பினர்கள் நானூற்று முப்பத்தைந்து பேர், அவர் தொட்டது முந்நூற்று எண்பத்தாறு. பதினொன்று எங்கள் வீட்டு எண். இருபத்திரண்டு அந்தப் படிகள். முந்நூற்று எண்பத்தாறு, அண்ணன் ஓட்டிய பழைய ஸ்கூட்டரின் எண்.

என் கை சில்லிட்டுப் போயிற்று. ஏசியைக் குறைக்கச் சொன்னேன். ஏசி அன்று ஓடவே இல்லை என்றார்கள்.

தற்செயல் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அடுத்த தொகுப்பில் வேண்டுமென்றே நான்கு கேள்விகளில் மட்டும் வீட்டு எண்களை ஒளித்து வைத்தேன். அண்ணனின் பள்ளி வரிசை எண், எங்கள் பழைய தொலைபேசியின் கடைசி இலக்கங்கள், அப்படி. பதினேழு மற்றதையெல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு அந்த நான்கில் மட்டும் விழுந்தது. தெரிந்தே தப்பாகச் சொல்கிற ஆள் ஒருவனைத்தான் எனக்குத் தெரியும்.

அதன்பின் என்னால் அந்த நாற்காலியில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. ஏதோ ஓர் ஊரில் அவன் சோபாவில் சாய்ந்துகொண்டு கைபேசியில் படிக்கிறான் என்று நினைத்துப் பார்க்க முயன்றேன். முகம் வரவே இல்லை. திரையைத் தொடுகிற ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. செத்தவர்கள் பரீட்சை எழுதுவார்களா என்றுகூட ஒரு நினைப்பு வந்து தொலைத்தது. பட்டப்பகலில், சுற்றிலும் நாற்பது பேர் டப்பாவைத் திறந்து அவல் போஹா தின்றுகொண்டிருக்க, எனக்குப் பின்னால் யாரோ நிற்பதாகத் தோன்றித் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

கடைசியாக ஒன்று எழுதினேன். செனட்டரின் பதவிக்காலம் எத்தனை ஆண்டு? சரியான விடை ஆறு. நான் கொடுத்த தவறான விடைகள் இரண்டு, நான்கு, ஒன்பது. அது கேள்வியே இல்லை, ஒன்பது வருஷமாகப் பேசாதவனுக்கு நான் போட்ட கடிதம். முடிவு ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. பதினேழு, ஒன்பதைத் தொட்டிருந்தது.

உடனே அம்மாவைக் கூப்பிட்டேன். “எம்மா, சாயங்காலம் வந்து ஒரு விஷயம் சொல்லுதேன். அந்தத் தாளை எடுத்து வை.”

“அவனப் பத்தியா?”

“வந்து சொல்லுதேம்மா.”

“நல்லதா கெட்டதா, அத மட்டும் சொல்லிரு.”

“நல்லதுதான்,” என்றேன்.

அடுத்து எங்கள் குழுத் தலைவியிடம் போனேன். மராத்திப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், என்னைத் தாயீ, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். பதினேழாம் எண் யார், ஊரையாவது சொல்லு என்று மன்றாடினேன். அவள் சிரித்துவிட்டாள்.

“அகோ தாயீ, அது ஆளே இல்லை,” என்று இந்தியில் சொன்னாள். “இந்த மழைக்காலத்திலிருந்து ஆட்களை வைத்துச் சோதிப்பதே இல்லை. ஐம்பதும் கம்ப்யூட்டர் உண்டாக்கினது. மெயில் போட்டேனே, படிக்கலையா?”

“அப்படியென்றால் அந்த எண்களை ஏன் தொடுகிறது?”

“ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனம் வைத்திருக்கிறார்கள். பதினேழு, கூட்டத்தில் ஒட்டாமல் தனியாக நிற்கிற விடையில் விழும். உங்களுடைய மற்ற விடைகள் அழகாக வரிசையில் நிற்கின்றன. இந்தச் சில மட்டும் வேறு எங்கிருந்தோ வந்த மாதிரி இருக்கு.”

மெயில் வந்துதான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவள் மேல் கோபம், அந்த எந்திரத்தின் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேல் என் மேல் கோபம். ஒன்பது வருஷம் கழித்து ஒரு பதில் வந்தது என்று துள்ளினேனே, அதை அனுப்பியதும் நான்தான். இந்த லட்சணத்தில் அம்மாவிடம் நல்லது என்று வேறு சொல்லியாயிற்று.

பஸ்ஸில் வழி நெடுகக் கனத்த மழை. வீட்டுக்கு வந்தபோது அம்மா நல்ல புடவை கட்டி, தலைவாரி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒப்புதல் தாள், அதன் மேல் பேனா. மாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கூரை வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

“சொல்லுட்டி. அவன் இருக்கானா?”

ஜப்பானின் தலைநகரத்தைக் கேட்ட அதே குரல். சரியான விடை எனக்குத் தெரியும். தெரியாது என்பதுதான் சரியான விடை. அதைச் சொன்னால் பேனா கீழே போகும், தாள் தலையணைக்கு அடியில் போகும், பிறகு அம்மாவும் போய்விடுவாள்.

“இருக்காம்மா.”

“நல்லா இருக்கானா?”

“நல்லா இருக்கான். பரீட்சைக்குப் படிக்கான், அந்த ஊர்க்காரனா ஆவதுக்கு. எங்க கேள்விதான் அவனுக்கு வருது. நான் எழுதுத தப்பையெல்லாம் சரியாப் பாத்துத் தொடுதாம்மா.”

அம்மா கொஞ்ச நேரம் சிரித்தாள். “அவன் வேணும்னேதாம்ட்டி தப்பாச் சொல்லுவான். எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுமே.”

பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். நான் கண்ணை எடுக்காமல் நின்றேன். அம்மா குனிந்து, தாளில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி என்னிடம் நீட்டினாள்.

“மூதி,” என்றாள். “போ, மேல போ.”

அண்ணன் போனதிலிருந்து வால்வை மூடுவது வாட்ச்மேன் வேலை. அவர் ஊருக்குப் போய் நான்கு நாளாகியிருந்தது, தொட்டி வழிந்து சொசைட்டி முழுக்கச் சண்டை. நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். இந்த வயதிலும் அதே பயம். படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். தொட்டிக்குள் அந்த முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. இருபத்திரண்டாவது படியில் கால் வைத்தபோது அது நின்றது.

மொட்டைமாடியில் யாரும் இல்லை. மழை விட்டிருந்தது. தரையில் தேங்கிய தண்ணீரில் என் கால்தடம்கூடத் தங்கவில்லை. வால்வின் பிடியைத் தொட்டேன். ஏற்கெனவே இறுக்கமாக மூடியிருந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பலாமா என்று பார்த்தேன், அசையவில்லை. அந்தப் பிடியை விட மனமில்லாமல் சிறிது நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன். “அண்ணே,” என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகு இறங்கி வந்துவிட்டேன்.

அம்மா கதவருகே நின்றிருந்தாள்.

“மூடிட்டியாட்டி?”

“மூடிட்டேம்மா,” என்றேன்.