பெலிக்ஸின் விரலுக்கு ஏற்ற கீபோர்டு

புதுச்சத்திரம் தாண்டி பஸ் போய்க்கொண்டிருந்தபோது ஜெனி அக்காவின் போன் வந்தது. "தம்பி, பெலிக்ஸ் போயிட்டாம்ப்பா" என்றார். "எங்கக்கா போனான்?" என்று கேட்டேன். சக்கர நாற்காலியை விட்டு எழ முடியாத ஒருவனைப் பற்றி இப்படிக் கேட்டவன் நான். அவனுடைய அக்கா அழவில்லை. "நீ வா" என்று மட்டும் சொன்னார். கடலூர் ஓல்டு டவுனில் இருந்த வீட்டுக்கு அவனைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். எப்போதும் ஏறும் பஸ், எப்போதும் உட்காரும் ஜன்னல் பக்கம். அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

சிதம்பரத்தில் நம்மோடு டிப்ளமோ படித்தவர்களுக்கு அவனை அறிமுகம் செய்ய வேண்டாம். ஜூனியர்களுக்காகச் சொல்கிறேன்: பெலிக்ஸுக்குத் தசைகள் மெல்ல மெல்ல பலம் இழக்கும் நோய். காலில் தொடங்கிக் கைக்கு ஏறியது. அதற்கு அவன் வைத்திருந்த விளக்கம் வேறு. "எனக்கு கரண்ட் கட்டு கீழேர்ந்து மேல வருது மச்சான். எந்த ஆபீஸ்ல போய் கம்ப்ளைன்ட் பண்றது?"

வகுப்பில் வாலு நான்தான் என்று ஒரு மிதப்பில் இருந்தேன். அதை முதல் மாதமே நறுக்கியவன் அவன். நம் லேப்பில் மூலை அறையில் இருந்த பெரிய கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு ஒரு கறுப்புத் திரை புரோகிராம் இருந்தது, நினைவிருக்கிறதா? டெர்மினல் என்போம். எந்தக் கீயை அழுத்தினால் எது போக வேண்டும் என்று அதில் நாமே மாற்றி வைக்கலாம். நான் ஒரு நாள் என்டர் அடித்தேன். 'நான் ஒரு மண்டு' என்று ஆங்கில எழுத்தில் வந்தது. இன்னொரு முறை அடித்தேன். இன்னொரு மண்டு. திரை முழுக்க மண்டுகள்.

"எவன்டா இது?" என்று கத்தினேன்.

"நீயேதானே மச்சான் ஒத்துக்கிட்டு ஒத்துக்கிட்டு அடிக்கிற" என்றான் பக்கத்து சீட்டில் இருந்து. அன்றிலிருந்து அவன் கீ கொடுத்தால் ஆடும் பொம்மை ஆனேன்.

லேப்பில் உட்கார்ந்ததும் அவன் ஒரு வேலை செய்வான். டெஸ்ட் திரையைத் திறந்து ஒவ்வொரு கீயாக அழுத்துவான். அழுத்திய கீயின் எண் திரையில் வரும். அடுத்தது, அதற்கடுத்தது. வகுப்பு தொடங்கி எல்லோரும் பாதி புரோகிராம் முடித்திருப்பார்கள். "கீபோர்டு நல்லாத்தான்டா இருக்கு, ஆரம்பி" என்றேன் ஒரு நாள். "கீபோர்ட யார்ரா டெஸ்ட் பண்ணது? இன்னிக்கு எந்த விரலு லீவுன்னு பாக்குறேன்" என்றான்.

அதற்குப் பிறகு அது எங்கள் இருவரின் வேலை ஆகிவிட்டது. ஒரு விரல் லீவு போட்டால் அது பார்த்த எழுத்துகளை வேறு விரலுக்குப் பக்கத்தில் குடி வைப்போம். அடைப்புக்குறிக்கு இரண்டு கைகளும் சேர்ந்து ஷிஃப்ட் பார்க்க வேண்டும்; அவனிடம் ஒரு கைதான் டியூட்டியில் இருந்தது. அதனால் அதையும் ஒற்றைக் கீயில் வைத்தோம். அடிக்கடி எழுதும் முழு வரிகளைக்கூட மேல் வரிசைக் கீகளில் ஏற்றினோம். நான் அடித்துத் தருகிறேன் என்றால் மட்டும் கோபம் வரும். "நீ அடிச்சா அது ஒன் புரோகிராமு. தப்பு வந்தாலும் அது என் தப்பா இருக்கணும்."

கடைசி ப்ராக்டிகல் தேர்வில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் இதைப் பார்த்துவிட்டார். ஒரு கீ, ஒரு முழு வரி. "இது பிட்டு மாதிரிதானே? எல்லாத்தையும் எடு" என்றார். எடுத்தால் அவனால் பத்து வரிகூட எழுத முடியாது. மூன்று வருடப் படிப்பும் அந்தத் தேர்வில் வந்து நின்றது. பெலிக்ஸ் நிதானமாகச் சொன்னான்: "முழு வரிய எடுத்துடலாம் சார், அது நியாயந்தான். ஒரு கீக்கு ஒரு எழுத்து மட்டும் வச்சுக்கிறேன். எது எங்க இருக்கணும்னு என் கைதான் சார் சொல்லணும்."

அவர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். நம்பிக்கையில்லாமல் ஒரு கீயை அழுத்திப் பார்த்தார். 'ஏ' வர வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி வந்தது. "அதுக்கு உங்கள அடையாளம் தெரியல சார்" என்றான் பெலிக்ஸ். அவர் சிரித்துவிட்டார். ஒவ்வோர் எழுத்தாக, இரண்டு விரலில் எழுதினான். நேரம் முடிகிற கட்டத்தில் புரோகிராம் ஓடியது. நாம் எல்லோரும் கைதட்டித் திட்டு வாங்கினோம்.

பிறகு அவன் வீட்டை விட்டு வரவில்லை. கீரப்பாளையத்திலிருந்து ஞாயிறுதோறும் நான் போவேன். அவன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரிலும் அதே கறுப்புத் திரைதான். ஒவ்வொரு முறையும் கீகள் குறைந்தன. எதை வைப்பது, எதை விடுவது என்று சண்டை போடுவோம். குரலும் தேய்ந்த காலத்தில், ஒரே விரல், ஒரே கீ என்று ஆனது. அதில் என்ன வைப்பது?

"தண்ணின்னு வரட்டும் தம்பி" என்றார் அவன் அம்மா.

"வலிக்குதுன்னு வைப்பா, அதான் தெரியணும்" என்றார் ஜெனி அக்கா.

நான் அவன் வாயருகே காதை வைத்தேன். "சத்தம் மட்டும் போதும் மச்சான். என்னத்துக்குன்னு அவுங்க வந்து கேக்கட்டும்."

ஸ்பேஸ் பாரை அழுத்தினால் பீப் என்று ஒலிக்கும்படி வைத்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவார். "என்னய்யா?" பெரும்பாலும் அவனுக்கு ஒன்றும் வேண்டியிருக்காது. "சும்மாதாம்மா. சீரியல்ல என்னாச்சு?" அம்மா தலையில் அடித்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, வேலைக்கு விண்ணப்பம் அடிக்க வேண்டும், கீகளைப் பழையபடி வைத்துக் கொடு என்று ஜெனி அக்கா கேட்டார். உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் வீட்டுக்கு அனுப்பினேன். ஸ்பேஸ் பாரையும் சரிசெய்தேன். எல்லாக் கீயையும் அழுத்திப் பார்த்து, அடித்ததை ஒன்றொன்றாக அழித்துக்கொண்டே வந்தேன். ஓர் அழுத்து அதிகமாகிவிட்டது. அழிக்க எதுவும் மிச்சம் இல்லாதபோது அந்தத் திரை தானாகவே ஒரு பீப் போடும். அது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

ஈரக் கையோடு அம்மா ஓடி வந்து வாசற்படியில் நின்றார். "என்னய்யா?" என்று கேட்ட பிறகுதான் நாற்காலியில் இருப்பது யார் என்று பார்த்தார். "சும்மாதாம்மா" என்றேன். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அவனிடமிருந்து நான் எடுத்துவந்தது இந்தச் 'சும்மா' ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை இன்னும் அந்த பஸ்ஸில் போகிறேன். போவதற்கு ஒரு காரணமும் வைத்துக்கொள்வதில்லை.