பெண்கள் பக்கத்து மணல்

சாயங்காலம் நாலு மணிக்குக் கெம்பம்மா கூடாரத்தின் பெண்கள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு பிடி மணலை எடுத்து மோந்து பார்க்கிறாள். பிறகு இரண்டு முழம் நகர்ந்து இன்னொரு பிடி. கண்ணை மூடிக்கொண்டுதான் மோப்பாள். "கண்ணு தொறந்திருந்தா மூக்கு சோம்பேறியா பூடும்" என்பது அவள் கட்சி. திரையிலிருந்து மூங்கில் தட்டி வரைக்கும் இப்படி மோந்து முடித்த பிறகுதான் சல்லடையைக் கையில் எடுப்பாள்.

கெலமங்கலத்துக்கு வெளியே, ஆற்றுக்குப் போகும் வழியில் நிற்கிற டூரிங் டாக்கீஸில் அவள் மணல்காரி. பின்னால் நாலு வரிசை பெஞ்சு. மற்றபடி கூடாரம் முழுக்க மணல் தரை. நடுவே இடுப்பளவு மூங்கில் தட்டி. அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். முதல்நாள் கூட்டம் விட்டுப்போன வேர்க்கடலைத் தோல், பீடித் துண்டு, வெற்றிலை எச்சில், பிள்ளைகள் நனைத்த ஈரம் எல்லாவற்றையும் சலித்து எடுத்து, மறுநாள் கூட்டத்துக்கு மணலைப் புதிதாக்கித் தருவது அவள் வேலை. முன்பெல்லாம் விடிந்ததும் வந்து பதினோரு மணிக்குள் சலித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த வேலை நாலு மணிக்கு மாறியதற்குக் காரணம் ஒரு பூனை.

வயது நாற்பத்தைந்து இருக்கலாம். கேட்டால், "பெரிய மழை வந்து ஏரி ஒடைஞ்ச வருசம் நான் நடந்துகினு இருந்தன்" என்பாள். அந்த மழை எந்த வருஷத்து மழை என்று ஊரில் இரண்டு பேர் ஒரே பதிலைச் சொல்வதில்லை. புருஷன் ராமப்பன் பட்டுப்பூச்சி வளர்க்கும் வீட்டில் இலை நறுக்குகிறான். அவன் கையில் எப்போதும் பச்சை வாசனை, இவள் கையில் எப்போதும் மணல். சோறு பிசையும்போது நறநறவென்றால் இருவரில் யாரும் முகம் சுளிப்பதில்லை.

சல்லடையில் கிடைக்கிற சாமான்களை ஒரு சிகரெட் டின்னில் போட்டு டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறாள். மூக்குத்தித் திருகாணி, கால் மெட்டி, பல்செட்டில் ஒரு பல், பெட்டிச் சாவி. தொலைத்தவர்கள் வந்து கேட்டால் உடனே கொடுத்துவிட மாட்டாள். "எந்தப் படத்துல தொலைச்ச? எந்தப் பாட்டப்போ?" என்று விசாரிப்பாள். அழுகைக் காட்சியில்தான் திருகாணி கழன்று விழும் என்பது அவள் கண்டுபிடித்த உண்மை. மூக்கைச் சிந்துகிறார்கள் அல்லவா.

படம் ஓடும்போது அவள் இடம் திரைக்குப் பின்னால். கூடாரத் துணியைத் தூக்கிக்கொண்டு டிக்கெட் இல்லாமல் நுழைகிறவர்களைப் பிடிக்க அங்கே ஒரு முக்காலி போட்டிருக்கிறார்கள். துணித் திரையாதலால் படம் பின்பக்கமும் தெரியும், இடம் வலம் மாறி. அவள் அறிந்த கதாநாயகர்கள் எல்லாரும் இடது கையால் கத்தி வீசி, இடது கையால் சோறு உண்டவர்கள். "முன்னாடி வந்து ஒருநாளாவது நேராப் பாரேன் அக்கா" என்று ஆபரேட்டர் சென்றாயன் கூப்பிட்டிருக்கிறான். "வேணாம்பா. இத்தினி வருசமா இப்பிடிப் பாத்துட்டன். நேராப் பாத்தா யாரோ மாதிரி தெரியும்" என்றுவிட்டாள்.

அந்தத் திரையில் ஒரு தையல் இருக்கிறது. கஞ்சி போட்டு விறைப்பாக்கிய துணி. கஞ்சி ருசி கண்ட எலிகள் கூடாரம் ராயக்கோட்டையில் நின்றபோது ஒரு ராத்திரியில் உள்ளங்கையளவு தின்றுவிட்டன. கெம்பம்மா ஒட்டுப் போட்டாள். அதிலிருந்து எந்தப் படத்தில் எந்த நாயகி கிட்டத்தில் வந்து சிரித்தாலும் இடது கன்னத்தில் ஒரு மச்சம். பின்னாலிருந்து பார்த்தால் வலது கன்னம்.

எலிக்காகத்தான் பூனை வந்தது. சாம்பல் உடம்பு, நாலு காலும் வெள்ளை. மத்திகிரிப் பண்ணையில் புல் சுமந்த சிறு வயதில் வெள்ளைக் காலுறை போட்ட ஒரு துரைசானியைக் கெம்பம்மா பார்த்திருக்கிறாள். அந்த நினைவில் பூனைக்குத் தொரசானி என்று பெயர் வைத்தாள். மனிதர்களிடம் தமிழ், வண்டிக்காரர்களிடம் தெலுங்கு, தொரசானியிடம் கன்னடம். "இல்லி பாரே" என்று அவள் கூப்பிட்டால், பூனை வரலாமா என்று யோசித்துவிட்டு வரும். தொரசானி வந்த பிறகு திரையில் இரண்டாவது மச்சம் விழவில்லை.

ஆனால் கூடாரம் நிறைய மணலைப் பார்த்தால் பூனை என்ன நினைக்கும்? அத்தனையும் தனக்காக ஆற்றிலிருந்து வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டியது என்றுதான் நினைத்தது. பறித்தது, வெளிக்கு இருந்தது, மூடியது, போனது. ஒருநாள் இங்கே, ஒருநாள் அங்கே. கெம்பம்மா டிக்கெட் கொடுப்பதற்கு முன் ஒரு சுற்று பார்த்து, கிடைத்ததை முறத்தில் வாரி வெளியே கொட்டுவாள். தப்பியது ஒன்றிரண்டு. அது பற்றி யாரும் பேசவில்லை, மணியக்காரர் வீட்டுச் சரோஜம்மாளின் கை அதில் படும் வரைக்கும்.

தரை டிக்கெட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. உட்கார்ந்ததும் சுற்றியுள்ள மணலை இரண்டு கையாலும் அணைத்து இழுத்து, மேடு கட்டி, தட்டி, அதன் மேல் ஏறி உட்காருவார்கள். முன்னால் இருப்பவர் மேடு கட்டினால் பின்னால் இருப்பவர் அதைவிட உயரமாகக் கட்டுவார். சரோஜம்மாள் குள்ளம். அவள் கட்டும் மேடு கெலமங்கலம் வட்டாரத்தில் பெயர் பெற்றது. வசதியான வீடுதான், பெஞ்சு டிக்கெட் வாங்கலாம். ஆனால் "பெஞ்சுல குந்துனா காலு மரத்துப் போவுது, மணலுதான் சொகம்" என்பாள். அவள் வில்வண்டி கிளம்பினால் பின்னாலேயே ஊரிலிருந்து பத்து வண்டி கிளம்பும்.

அன்று விளக்கு அணைந்து, பெயர் எழுத்துகள் ஓட ஆரம்பித்தபோது அவள் மேடு கட்ட மணலை இழுத்தாள். கையில் ஏதோ மெத்தென்று பட்டது. கை மூக்குக்குப் போயிற்று. சரோஜம்மாள் எழுந்து நின்றாள். அவள் தலையின் நிழல் திரையில் பாதியை மறைத்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து "உக்காரு, உக்காரு" என்று குரல்கள்.

"யாரும் உக்கார மாட்டாங்க. வெளக்கப் போடுடா" என்றாள் சரோஜம்மாள்.

சென்றாயன் விளக்கைப் போட்டான். முதலாளி நாராயணப்பன் ஓடி வந்தார். அவள் கையை நீட்டி அவர் மூக்கின் எதிரில் பிடித்தாள்.

"நாராயணப்பா, நீ படம் காட்டறியா, பூனைக்குக் கக்கூஸ் நடத்தறியா?"

அன்றைக்குப் பத்து வண்டியும் பாதிப் படத்தில் திரும்பிப் போயின.

மறுநாள் காலையில் நாராயணப்பன் ஒரு சாக்கைக் கொண்டுவந்து கெம்பம்மாவின் முன்னால் போட்டார். "வெள்ளிக்கெழம புதுப்படம். அதுக்குள்ள அத இதுல கட்டி சானமாவு காட்டுல வுட்டுட்டு வந்துடு."

"காட்டுல ஆனை இருக்குது மொதலாளி."

"ஆனை பூனைய என்னா பண்ணப் போவுது?"

"இது போயி ஆனைய எதுனா பண்ணிடும்."

நாராயணப்பன் சிரிக்கவில்லை. கெம்பம்மா சாக்கை மடித்து முக்காலிக்கு அடியில் வைத்தாள். "வெள்ளிக்கெழம ஒருநா மட்டும் பாருங்க. ஒருத்தர் கை நாறிச்சின்னா, நானே கட்டி எடுத்துகினு போறன்" என்றாள். திரையின் ஒட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு அவர் போய்விட்டார்.

நாலு நாள் இருந்தது. முதல் நாள் பெண்கள் பக்கம் முழுக்க அடுப்புச் சாம்பலைத் தூவினாள். தொரசானிக்கு அது இன்னும் பிடித்துப்போயிற்று. இரண்டாம் நாள் மிளகாய்த் தூள். பூனை அந்தப் பக்கம் வரவில்லை; ஆனால் ராத்திரிக் கூட்டம் மேடு கட்ட மணலைக் கிளறியதும், நாயகியின் தகப்பன் சாகும் கட்டத்தில் பெண்கள் பக்கம் மொத்தமும் தும்மியது. ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செத்தவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான் போலிருந்தது.

மூன்றாம் நாள் புதன்கிழமை. காலையில் சலித்த பிறகு அவள் வீட்டுக்குப் போகவில்லை. பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்து, வெற்றிலைகூடப் போடாமல் காத்திருந்தாள். உச்சி வெயிலில் தொரசானி உள்ளே வந்தது. ஆண்கள் பக்கத்தில் அன்று பாதிதான் சலித்திருந்தாள். சலிக்காத பாதியில் பூனை ஒவ்வோர் அடிக்கும் ஒரு காலைத் தூக்கி உதறியது; கடலைத் தோல் குத்துகிறது. தட்டியைத் தாண்டி வந்தது. பெண்கள் பக்கம் ஆண்கள் பக்கம் போல அல்ல, எப்போதும் இரண்டு முறை சலித்த மணல். அங்கே உதறவில்லை. ஒரு காலால் அமுக்கிப் பார்த்தது, நகர்ந்தது, மறுபடி அமுக்கியது. கடைசியில் நேராக நடுத்தூணுக்குப் பக்கத்தில் போய் நின்று பறிக்க ஆரம்பித்தது.

அது சரோஜம்மாள் உட்காரும் இடம். மணியக்காரர் வீட்டம்மா என்ற மரியாதைக்காகக் கெம்பம்மா அந்த இடத்தை மட்டும் நாள் தவறாமல் மூன்று முறை சலிப்பாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது. படக்கருவியில் கார்பன் குச்சி மாற்ற வந்த சென்றாயன் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தான்.

"தப்பு அது மேல இல்லடா. நான்தான் மெத்தை போட்டு வெச்சிருக்கன்" என்றாள்.

"அப்ப சலிக்காத வுட்டுடு அக்கா."

"சலிக்காத வுட்டா பொம்பளைங்க எதுல குந்துவாங்க? உன் மடியிலயா?"

மண்ணெண்ணெய் டின்கள் வந்த மரப்பெட்டி ஒன்று என்ஜின் கொட்டகையில் கிடந்தது. அதைத் திரைக்குப் பின்னால், தன் முக்காலிக்குப் பக்கத்தில் போட்டாள். சல்லடை போதவில்லை என்று வீட்டுக்குப் போய் ராகி மாவு சலிக்கும் சன்னச் சல்லடையை எடுத்துவந்தாள். அதற்கு ராமப்பன் என்ன சொன்னான் என்பது வெளியே தெரியவில்லை. வேறு சல்லடை வாங்கிக் கொடுத்துவிட்டான் என்பது மட்டும் தெரியும். அந்தப் பெட்டி மணலை நாலு முறை சலித்து, வெயிலில் காய வைத்து நிரப்பினாள். மறுநாள் வியாழக்கிழமை காலையில் கூடாரத்து மணலைத் தொடவே இல்லை. தோலும் துண்டுமாக நாலு மணி வரைக்கும் கிடந்தது. தொரசானி இரண்டு பக்கமும் காலை உதறி உதறி நடந்து பார்த்தது. பிறகு திரைக்குப் பின்னால் போயிற்று.

வியாழக்கிழமை பலித்துவிட்டது. ஆனால் வியாழக்கிழமை யாருக்கு வேண்டும்?

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சலிக்க ஆரம்பித்து, விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் கெம்பம்மா பெண்கள் பக்கத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. ரிக்கார்டு போட்டார்கள். வண்டிகள் வந்தன. ஒன்று, இரண்டு என்று எண்ணாமலேயே மணிச் சத்தத்தில் பத்தும் வந்துவிட்டது தெரிந்தது. சரோஜம்மாளுக்குப் பின்னால் அவள் வீட்டு வேலைக்காரி செல்லி ஒரு கோரைப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"பூனை போயிட்டுதா?" என்றாள் சரோஜம்மாள்.

"இல்லீங்கம்மா. வேற எடம் கட்டிக் குடுத்திருக்கன்."

"எனக்கா, அதுக்கா?"

"அதுக்குத்தாம்மா. உங்க எடம் உங்க எடம்தான்."

சரோஜம்மாள் நடுத்தூணுக்குப் பக்கத்தில் பாயை விரிக்கச் சொல்லி, விளிம்புக்கு வெளியே விரல்கூடப் படாமல் உட்கார்ந்தாள். இரண்டு கையும் மடியில். நாராயணப்பன் வாசல் திரைச்சீலையைப் பிடித்தபடி நின்றார். கெம்பம்மா பின்னால் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். காலுக்கடியில் மடித்த சாக்கு. விளக்கு அணைந்தது.

முன்வரிசையில் பூச்சரத்தைச் சுற்றிப் பெரிய கொண்டை போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பாய் மேல் உட்கார்ந்தவளுக்குத் திரையில் மேல்பாதிதான் தெரிந்திருக்கும். சரோஜம்மாள் தலையை இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள். திரையின் ஓரத்து இடுக்கு வழியாகக் கெம்பம்மா படத்தை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பாட்டு போயிற்று. சபையில் ராஜா நுழைந்தான். சரோஜம்மாளுக்குக் கொண்டைக்கு மேலே கிரீடம் மட்டும் நகர்ந்திருக்கும். இரண்டாம் பாட்டுக்கு வீணை மீட்டத் தொடங்கியபோது, மடியிலிருந்து ஒரு கை மெல்ல இறங்கிப் பாயின் விளிம்பைத் தாண்டியது. ஒரு விரல் மணலைத் தொட்டது. விரல் மூக்குக்குப் போயிற்று. அங்கேயே சிறிது நேரம் இருந்தது.

பிறகு சரோஜம்மாள் பாயைப் பின்னுக்குத் தள்ளினாள். இரண்டு கையாலும் மணலை அணைத்து இழுத்தாள். தட், தட் என்று மேட்டைத் தட்டும் சத்தம் வீணைக்கு நடுவில் திரைக்குப் பின்னால் வரைக்கும் கேட்டது.

கெம்பம்மா காலால் சாக்கை இன்னும் உள்ளே தள்ளினாள். அப்போது பக்கத்துப் பெட்டியில் சரக், சரக் என்று பறிக்கிற ஓசை. தொரசானி நான்கு வெள்ளைக் காலையும் மணலில் ஊன்றி, காதைப் பின்னுக்கு மடித்து, இவளையே பார்த்துக்கொண்டிருந்தது. திரையின் வெளிச்சத்தில் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. கெம்பம்மா முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முக்காலியைச் சத்தம் வராமல் தூக்கித் திருப்பி, பூனைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.