டைட்டிலில் என் தம்பி பெயர்

எதிர்வீட்டு மிக்சி பழசாகிவிட்டது. காலையில் சட்னி அரைத்தால் கரகரவென்று ஒரு சத்தம், நடுவில் கீச்சென்று ஒரு இழுப்பு. தெருவே காதைப் பொத்திக்கொள்கிறது. எனக்கோ தம்பி அந்துவான் கிடார் வாசிப்பதுபோல இருக்கிறது.

அவன் கிடாரைக் கிடாராக வாசித்ததே கிடையாது. பிரெஞ்சு வெள்ளைக்காரர்கள் கிளம்பியபோது டவுனில் ஒரு வீட்டில் விட்டுப்போன கிடார் அது. எங்கள் ஊர் உறுவையாற்றுக்கு அது வந்த அன்றே கம்பிகளுக்கு நடுவில் சீப்பைச் செருகினான். மறுநாள் என் அடுப்படி இடுக்கியைக் காணோம்.

"இன்னாடா இது, மாடு தொட்டிய நக்குற மாதிரி?" என்றேன்.

"அதாங்க்கா வேணும்" என்று பூரித்துப்போனான், பாவி.

மாதா கோயில் பாட்டுக் குழுவில் சேர்த்துக்கொண்ட சாமியார் இரண்டு ஞாயிறு பொறுத்தார். மூன்றாம் ஞாயிறு, "நீ மெட்ராசுக்குப் போப்பா, ஆசீர்வாதம் பண்றேன்" என்று அனுப்பிவிட்டார்.

மெட்ராசில் ஆறேழு வருஷம் யார் யார் பாட்டுக்கோ பின்வரிசையில் உட்கார்ந்து ஒழுங்காக வாசித்தான். பிறகு ஒரு பேய்ப்படக்காரர் கூப்பிட்டார். நல்ல மெட்டே வேண்டாம் என்று சொன்ன ஒரே முதலாளி அவர்தானாம். படம் முழுக்க என் தம்பி இசை.

அப்போது அரியாங்குப்பத்தில் அவனுக்கு ரெஜினாவைப் பேசியிருந்தோம். அவளுக்கும் இவன்மேல் பிரியம். இவன் அவளுக்காக முடி வெட்டிக்கொண்டான்; அதைவிடப் பெரிய காதலை நான் பார்த்ததில்லை. அவள் அப்பா சொல்தா, சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவர்தான் மீசையைத் தடவினார்.

"கிடார் வச்சிருக்கவன்லாம் மியூசிக் டைரக்டராம்மா? படத்துல பேரு வரட்டும். கண்ணால பாத்துட்டு சாமியார்கிட்ட சொல்லி கோயில்ல கல்யாண ஓலை படிக்கச் சொல்றேன்."

படம் வில்லியனூர் டென்ட் கொட்டாய்க்கு வந்தது. தம்பி மெட்ராசில் இருந்தான். சொல்தாவுக்குப் பட்டாளத்தில் கற்றுக்கொண்ட பிரெஞ்சு எழுத்துதான் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. நான் படித்துக் காட்டுவதாகச் சொன்னேன். நான் படித்தது இரண்டு வகுப்பு. டீச்சரம்மாவைக் கூட்டிப் போ என்றார் என் வீட்டுக்காரர். என் தம்பி பெயரைப் படிக்க இன்னொருத்தி எதற்கு? நான்கு நாள் தரையில் அவன் பெயரை எழுதிப் பழகினேன்.

தரையில் இருந்த எழுத்து ஓடவில்லை. திரையில் ஓடியது. முதல் இரண்டு எழுத்தைக் கூட்டுவதற்குள் அடுத்த பெயர் வந்து நின்றது.

"வந்துச்சாம்மா?"

"இரு மாமா."

"வந்துச்சா?"

மூன்றாம் தரம் அவர் கேட்டபோது திரையில் எது இருந்ததோ அதைக் கைகாட்டி, "தோ, இதான்" என்றேன். முன்வரிசையில் ஒருவன், படிப்புத் தெரிந்த திமிரில், உரக்கப் படித்தான்: "சண்டைப் பயிற்சி."

சொல்தா என் பக்கம் திரும்பினார். "உன் தம்பி சண்ட போடறவனா?"

முன்னாடியே போயிருக்கும் மாமா, நான்தான் விட்டுட்டேன் என்று இடைவேளை வரைக்கும் அவர் காதில் ஓதினேன். இடைவேளையில் எழுந்து நடந்தார். பின்னாலேயே பஸ் ஸ்டாப்வரை ஓடினேன்.

"நாளைக்கு வந்து திரும்பப் பாக்கலாம் மாமா. டீச்சரம்மாவ கூட்டியாறேன்."

"பேரு இல்லாங்காட்டியும் பரவால்லம்மா. இல்லாதத காட்டுனியே" என்று பஸ் ஏறினார்.

ரெஜினாவுக்குப் பிரான்சு மாப்பிள்ளை கிடைத்தான். போட்டோவில் அவனுக்கு முடியே இல்லை.

ஊருக்கு வந்த தம்பியிடம் தப்பாகக் கைகாட்டியதையும் கல்யாணம் முறிந்ததையும் சொன்னேன்.

"வுடுக்கா. இடைவேளைக்கப்புறம் அந்தப் பொண்ணு ஆத்துல எறங்குவாளே, அங்க என் கிடாரு மட்டும் தனியா வரும். கேட்டியா?"

"கேட்டேன்டா."

"எப்டி இருந்துச்சி?"

"நல்லா இருந்துச்சி."

என் வாயால் அவன் வாசிப்பை நல்லா இருந்தது என்று அதுவரை சொன்னதில்லை. அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கும். சரிக்கா என்று மட்டும் சொன்னான்.

இன்னும் இரண்டு படத்துக்கு இசை போட்டான். அப்புறம் கல்யாணக் கச்சேரிகளில், மற்றவர்கள் கல்யாணத்துக்கு, ஒழுங்காக வாசித்தே காலத்தை ஓட்டினான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவே இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டான். கொட்டாய் இருந்த இடத்தில் மாடிவீடுகள் நிற்கின்றன. அந்தப் படப்பெட்டியை விசாரித்துப் பார்த்தேன். சுருளையெல்லாம் வெள்ளி எடுக்க எப்போதோ உருக்கிவிட்டார்களாம். ஆற்றில் அந்தப் பெண் இறங்குகிற இடத்தில் அவன் என்ன வாசித்தான் என்று சொல்ல இப்போது யாருமில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான். அந்த நேரத்தில் பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.