விட்டுவைக்கும் காலம்

ஸ்டுட்கார்ட்டில் தமிழ்ச் சாமான் விற்ற முதல் கடைகளில் ஒன்று என்னுடையது. அதன் தட்டுகளை வெட்டிப் பூட்டியது இந்தக் கைதான். தேவாலயத்துக்குப் பின்னால் நம்மவர்கள் கூடுகிற மண்டபத்துக்குக் கூரை போட்டவனும் நான்தான். ஒரு சொட்டு மழை உள்ளே இறங்கியதாக இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை. இடிந்து கிடந்த வீடொன்றை வாங்கி, நானே சாந்து குழைத்து, நானே ஓடு ஏற்றி, பிள்ளைகள் இரண்டு பேரையும் அதற்குள் வளர்த்தேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத மன்னார்க்காரன் ஒருவன், மொழி தெரியாமல், கையில் தொழில் இருந்தும் வேலை செய்ய அனுமதி இல்லாமல் தொடங்கிச் செய்தவை இவை. கலியாண வீடுகளில் இதையெல்லாம் சொல்லி என்னை மேடையில் ஏற்றுகிறார்கள். ஏற்றட்டும், எனக்குத் தகும். ஆனால் இந்த நாட்டில் நான் முதன்முதலில் கட்டியது ஒரு குளத்தின் வாய். அதைப் பற்றி எந்த மேடையிலும் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டு. ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே, மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊரில் அகதிகளாக வந்த எங்களை வைத்திருந்தார்கள். முன்பு விடுதியாக இருந்த கட்டடம். அந்த மாவட்டத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது. வேலைக்குப் போகக் கூடாது. சாப்பாடு பொதியாக வரும். என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அப்போது மன்னாரில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஒதுங்கியிருந்தார்கள். அறையில் குந்திக்கொண்டு அதையே நினைத்தால் மனிதனுக்குப் பைத்தியம் பிடிக்கும். ஆகவே நான் நடந்தேன். நடந்த வழியில் ஒரு குளம் கண்டேன்.

குளம் என்றால், மன்னாரில் கடல்போல் கிடக்கும் கட்டுக்கரைக் குளத்தில் வேட்டையாடிய எனக்கு அது ஒரு சட்டி. ஆனால் நாணல் இருந்தது, நாணலுக்குள் தாரா இருந்தது, நம்முடைய காட்டு வாத்துச் சாதி. ஊரில் சிறகித் தாரா எங்கே இறங்கும், எந்தக் காற்றுக்கு எழும்பும் என்று கேட்க மற்ற வேட்டைக்காரர்கள் என்னிடம்தான் வருவார்கள். அந்தக் கண் கடல் தாண்டினாலும் கெட்டுப்போவதில்லை. பச்சைத் தலை ஆண், மண்நிறப் பெட்டை. பெட்டை ஒன்று நாணலை விட்டு வெளியே வருவதும், அவசரமாகத் தின்பதும், நேர்வழியில் போகாமல் சுற்றி வளைத்து உள்ளே நுழைவதுமாக இருந்தது. முட்டையில் இருக்கிறாள் என்று முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய இடது செட்டையில் ஒரே ஓர் இறகு வெள்ளை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பச்சைத் தொப்பியோடு ஒரு கிழவர் நாயையும் இழுத்துக்கொண்டு வந்தார். அந்தக் குளத்தின் வேட்டை உரிமை அவரிடம் இருந்தது. அகதிகள் தாரா பிடித்துத் தின்கிறார்கள் என்று ஊரில் கதை. என்னைப் பார்த்ததும் விரலை உயர்த்தி உரக்கச் சொன்னார்:

"ஷோன்சைற்!"

சைற் என்றால் நேரம் என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த நாளும் அதே விரல், அதே சொல். மறுபடியும் திரும்பிவிட்டேன்.

என் அறையில் இருந்தவர் யாழ்ப்பாணத்தில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். என்னைவிட வயது குறைவு, வாய் நீளம். அவரிடம் கேட்டேன்.

"அது லேசு அண்ணை. ஷோன் எண்டா ஏற்கெனவே. சைற் எண்டா நேரம். நேரமாச்சு, வீட்ட போ எண்டு மரியாதையாச் சொல்லுறார்."

"விடியக்காலமை பத்து மணிக்கோ?"

"கிழவருக்கு எந்த நேரமும் நேரமாச்சுதானே அண்ணை!"

மூன்றாம் தடவை நான் திரும்பவில்லை. கிழவரின் கையைப் பிடித்து, நாணலுக்குள் பெட்டை இருந்த இடத்தைக் காட்டினேன். இரண்டு கையையும் கிண்ணம்போலக் குவித்து, அதன்மேல் குந்திக் காட்டினேன். பிறகு பெட்டைத் தாரா கூப்பிடுகிறமாதிரித் தொண்டைக்குள் குரல் எடுத்தேன். தூரத்தில் இருந்த ஆண் ஒன்று நீந்திக்கொண்டு எங்களை நோக்கி வந்தது. கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். நாய்கூட என்னை ஒரு மாதிரிப் பார்த்தது.

அன்றுதான் அந்தச் சொல்லை விளங்கப்படுத்தினார். துவக்கால் குறிபார்ப்பதுபோல் நின்றார். பிறகு இல்லாத துவக்கை நிலத்தில் வைத்தார். உள்ளங்கையை விரித்து, தாராவுக்கு மேலே குடைபோலப் பிடித்தார். ஷோன்சைற். குஞ்சு பொரிக்கும் மாதங்களில் சுடாமல் விட்டுவைக்கும் காலம். செப்டம்பர் முதலாம் தேதிவரைக்கும். ஒரே சொல்லாக, முன்பக்கத்தை அழுத்திச் சொன்னால் அதுதான் பொருள். இரண்டாக உடைத்து, பின்பக்கத்தை அழுத்தினால் கொண்டக்டர் சொன்ன பொருள்: நேரமாகிவிட்டது. என் வாயில் அது ஒருநாளும் ஒரே சொல்லாக வரவில்லை. கிழவருக்கு அது பொருட்டே இல்லை. நான் எப்படிச் சொன்னாலும் அவருக்கு விளங்கும்.

விடுதியில் அது பகிடியாகிவிட்டது. "எங்களுக்கும் ஷோன்சைற்தான் அண்ணை," என்பார் கொண்டக்டர், கடிதம் ஒன்றும் வராத நாட்களில். "சுடவும் மாட்டினம், பறக்கவும் விடமாட்டினம்."

ஏப்ரலில் குளம் இறங்கத் தொடங்கியது. மழை இல்லாததால் அல்ல. மழை பெய்துகொண்டுதான் இருந்தது. கரை ஓரமாக நாணலின் அடி ஒரு சாண் வெளியே தெரிந்தது. தண்ணீர் நிற்கிற நாணலுக்குள் நரி வராது. காய்ந்துவிட்டால் நடந்து வரும். கிழவரிடம் கையால் சொன்னேன். ஓம், ஓம் என்று தலையாட்டினார். அடுத்த விடியற்காலை கூடு கலைந்து கிடந்தது. முட்டை ஓடுகள் சேற்றில். வெள்ளை இறகுக்காரி மட்டும் தப்பி, நடுக்குளத்தில் சத்தமில்லாமல் மிதந்தாள்.

குளத்தின் வாயில் சீமெந்துப் பெட்டி ஒன்று நிமிர்ந்து நின்றது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் துறவி. நம்முடைய துருசு வேலைதான் அதற்கும்: பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகித் தண்ணீரை மறிப்பது. பலகைகள் உக்கிப் போயிருந்தன. கிழவர் புதுப் பலகை கொண்டுவந்தார், ஆனால் ஒற்றை வரிசையாகச் செருகப் பார்த்தார். நான் விடவில்லை. மார்பளவு தண்ணீரில் இறங்கினேன். அந்தக் குளிரை எழுத என்னிடம் சொல் இல்லை. இரண்டு வரிசை பலகை, நடுவில் பிசைந்த களிமண், காலால் மிதித்து மிதித்து, பிறகு மறுபடி களிமண். அப்படித்தான் மூன்று நாள். கிழவர் மேலே நின்று களிமண் எடுத்துத் தந்தார். அவர் எடுத்துத் தந்தார், நான் கட்டினேன். இந்த இரண்டும் ஒன்றல்ல. நாலாம் நாள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தோம். ஒரு நூல் தண்ணீர்கூட ஒழுகவில்லை.

"எங்கே படித்தாய்?" என்று கேட்டார்.

"எங்கேயும் இல்லை" என்றேன். எனக்கு நன்றாக வந்த ஜெர்மன் வசனங்களில் அதுவும் ஒன்று.

குளம் ஏறியது. மற்றப் பெட்டைகள் மே மாதத்திலேயே குஞ்சுகளோடு வெளிக்கிட்டன. வெள்ளை இறகுக்காரி இரண்டாம் தரம் கூடு கட்டினாள். பிந்திவிட்டாள். யூலை நடுவில்தான் குஞ்சுகளை இறக்கினாள், ஏழு. அதற்குள் ஆண்களெல்லாம் செட்டை இறகு உதிர்த்துவிட்டு, பறக்க முடியாமல் நாணலுக்குள் ஒளித்திருந்தன. அந்தப் பருவத்தில் அவற்றின் பச்சைத் தலையும் மங்கிவிடும். பார்க்கப் பெட்டைபோலவே இருக்கும். நானும் கிழவரும் விடியக்காலை கரையில் குந்தியிருந்து பார்ப்போம். அவர் தூரக் கண்ணாடியால் பார்ப்பார், எனக்கு அது தேவைப்படவில்லை. பாண் ரொட்டி கொண்டுவருவார், பாதி எனக்கு, ஓரம் நாய்க்கு.

ஒருநாள் ஏழு குஞ்சையும் எண்ணிவிட்டு, உனக்கு எத்தனை என்று என்னைக் கேட்டார். இரண்டு விரல் காட்டினேன். எங்கே என்றார். சூரியன் எழும்புகிற பக்கம் கையைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் பாதிப் பாணையும் எனக்குத் தந்துவிட்டார்.

ஓகஸ்ட் வந்தது. நான் நாட்களைக் கணக்குப் போட்டேன், அவரும் போட்டிருப்பார். தாராக் குஞ்சு பறக்க எட்டுக் கிழமை வேண்டும். செப்டம்பர் முதலாம் தேதிக்கு இந்த ஏழுக்கும் ஏழு கிழமைகூட ஆகியிராது. சட்டப்படி அன்று விட்டுவைக்கும் காலம் முடிந்துவிடும். தாயைச் சுட்டுவிட்டால், செட்டை முற்றாத குஞ்சுகள் என்ன செய்யும்? நான் குஞ்சுகளைக் காட்டி, கையைச் செட்டைபோல் அடித்து, ஏலாது என்று தலையாட்டினேன். "ஷோன் சைற்," என்றேன், என் வழக்கப்படி இரண்டாக உடைத்து.

கிழவருக்கு விளங்கியது. அடுத்த ஊரில் பெரிய குளம் ஒன்று இருந்த திசையைக் காட்டிச் சுடுவதுபோல் செய்தார். எங்கள் குளத்தைக் காட்டி, அந்த உள்ளங்கைக் குடையைப் பிடித்தார். வேட்டைக் கூட்டாளிகளிடம் தானே சொல்வதாகச் சொன்னார். கை தந்தார். வேட்டைக்காரனுக்கு வேட்டைக்காரன் தந்த கை அது.

அவர் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு நாள் கிடைக்கவில்லை. ஓகஸ்ட் கடைசிக் கிழமையில் இரண்டு விடியற்காலை அவர் குளத்துக்கு வரவில்லை. மூன்றாம் நாள் கோயில் மணி அடித்தது. விடுதியைக் கூட்டுகிற பெண் நெஞ்சில் கைவைத்துக் காட்டி, கண்ணை மூடிக்காட்டினாள்.

சவ அடக்கத்துக்குப் போனேன். பச்சை உடுப்பில் அவருடைய கூட்டாளிகள் நின்று கொம்பு ஊதினார்கள். வேட்டைக்காரன் செத்தால் குழிக்குள் பச்சைக் கொப்பு போடுவது அவர்களுடைய வழக்கம். நான் நாணல் ஒடித்துக்கொண்டு போயிருந்தேன். எல்லோரும் போட்ட பிறகு போட்டேன். எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் அவ்வளவு ஜெர்மன் இல்லை. என்னுடைய ஜெர்மன் விளங்குகிற ஒரே மனிதரை அந்தக் குழிக்குள்தான் இறக்கியிருந்தார்கள்.

செப்டம்பர் முதலாம் தேதி, மஞ்சள் வெளிச்சம் வர முன்னமே நான் குளக்கரையில் நின்றேன். வரமாட்டார்கள், கிழவர் சொல்லியிருப்பார் என்று ஒரு நினைப்பு. வந்தார்கள். நாலு பேர், நாலு துவக்கு, கொம்பு ஊதிய அதே ஆட்கள். நான் கரை ஓரமாக ஓடினேன். இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன்:

"ஷோன் சைற்! ஷோன் சைற்!"

முன்னுக்கு வந்தவர் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்து சிரித்தார். "ஓம், ஓம், நேரமாகிவிட்டது!" என்று எனக்குக் கையசைத்துவிட்டு, மற்றவர்களைப் பார்த்து வாருங்கள் என்று தலையாட்டினார்.

நான் சொன்னது சரியான சொல். இன்றைக்கும் அதில் மாற்றம் இல்லை. உள்ளங்கைக் குடையையும் பிடித்துக் காட்டினேன். நானும் கையசைக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள்.

முதல் வெடியிலேயே மற்றத் தாராக்கள் எழும்பிப் போயின. வெள்ளை இறகுக்காரி போகவில்லை. செட்டை உடைந்ததுபோல் தண்ணீரில் அடித்து அடித்து, நாணலிலிருந்து விலகி நடுக்குளத்துக்கு வந்தாள். நரிக்கு முன்னால் தாய்த் தாரா ஆடுகிற ஆட்டம் அது. நரி அதற்கு ஏமாறும். கடைசியில்தான் எழும்பினாள்.

போகும்போது அந்த முன்னுக்கு வந்தவர் என்னிடம் வந்தார். நல்ல மனிதர்தான், பொய் சொல்லக் கூடாது. நான் கிழவரின் சினேகிதன் என்று சவ அடக்கத்தில் கண்டிருந்தார். தோளில் தட்டி, ஒரு தாராவைக் கழுத்தில் பிடித்து நீட்டினார். சமைத்துச் சாப்பிடு என்று வாயில் கைவைத்துக் காட்டினார். இடது செட்டையை விரித்துப் பார்த்தேன். வெள்ளை இறகு இருந்தது. உடம்பு இன்னும் சூடாக இருந்தது.

கொண்டக்டர் வாசலில் நின்றபடியே கத்தினார். "அண்ணை! எங்க சுட்டனீங்கள்? துவக்கு எங்க?"

"தந்தவங்கள்."

"ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு? பொதிச் சாப்பாட்டில இருந்து ஒருநாள் விடுதலை எண்டு சந்தோசப்படுங்கோவன்!"

"உரிச்சு வையும்," என்றேன். "எனக்கு வேண்டாம்."

அவர் தாராவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பகிடி ஒன்றும் விடவில்லை. அன்று மாடி முழுவதும் கறித்தூள் வாசம். எல்லோரும் தின்று கையை நக்கினார்கள். அந்த ஊரில் நாங்கள் கண்ட ஒரே இறைச்சிக்கறி அது. எத்தனையோ தாரா சுட்டுத் தின்ற நான் அன்று யன்னல் பக்கம் போய் நின்றேன்.

குஞ்சுகள் நாணலுக்குள்ளேயே இருந்தன. ஒவ்வொரு நாளும் போனேன். ஏழு, ஆறு, பிறகு நாலு, கடைசியில் மூன்று. பருந்து எடுத்தது, குளத்துக்குள் இருந்த பெரிய வேட்டைமீன் இழுத்தது. நரி மட்டும் வரவில்லை. நான்கு பக்கமும் சுற்றிய அதன் தடத்தைச் சேற்றில் கண்டேன். தண்ணீர் ஓரத்தில் நின்று திரும்பியிருந்தது. ஏனென்றால் நாணலடியில் தண்ணீர் நின்றது. தண்ணீர் நின்றது, ஏனென்றால் துறவியின் வாயில் என் பலகை இருந்தது. செப்டம்பர் முடிவதற்குள் ஒரு விடியற்காலை மூன்று தாராக்கள் ஒன்றாக எழும்பி, குளத்தை ஒரு தரம் சுற்றி, மரத்துக்கு மேலால் போயின. கிழவர் இருந்திருந்தால் தொப்பியைக் கழற்றியிருப்பார். நான் மட்டும் நின்று பார்த்தேன்.

நாலு வருடம் கழித்து மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் போய்க் கொஞ்சம் ஜெர்மன் வாசிக்கத் தொடங்கியதும், அவர்களைக் கூட்டிக்கொண்டு அந்தக் குளத்துக்குப் போனேன். கரையில் அழகான மரப் பலகை நட்டிருந்தார்கள். தாராக்களின் படம் இருந்தது. என் மகள் விரலால் தடவிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள். இந்தக் குளத்தின் நீரை மீட்டுத் தாராக்களுக்குத் தந்தவர் என்று கிழவரின் பெயர். அவருடைய வேட்டைக் கூட்டத்தின் பெயர். வேறு ஒன்றும் இல்லை.

கிழவரின் பெயர் அங்கே இருக்க வேண்டும். அதற்கு நான் எதிரில்லை. களிமண் எடுத்துத் தந்தவர் அவர். ஆனால் மார்பளவு தண்ணீரில் நின்றவன் நான். இரண்டு வரிசை பலகை என் யோசனை, என் கால் மிதித்த மண். அவருக்கு அடுத்ததாக அந்தக் குளத்துக்காகக் கத்தியவனும் நான் ஒருவன்தான். அவர்களுக்கு விளங்காமல் போனது என் குற்றம் இல்லை. அந்த மூன்று தாராக்கள் பறந்தது என் கையால். ஆகவே அந்தப் பலகையில் என் பங்கையும் எழுத வேண்டும். கீழே இடம் இருக்கிறது, நான் பார்த்தேன். என் பெயரை எழுத்துக்கூட்ட அவர்களுக்குத் தெரியாவிட்டால், என் மகள் எழுதிக் கொடுப்பாள்.