கொழும்பு என்று சொன்ன பொய்

யுத்த காலம் அது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் துரும்பைக் கிள்ளிப் போட்டு நானும் என் மனைவியும் பிரிந்தோம். பிள்ளை தகப்பனுக்கு என்பது எங்கள் வழக்கம். அதனால் ஏழு வயது மகள் என்னிடம் இருந்தாள். அவள் அம்மா ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அதை மகளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. "அம்மா கப்பலேறி கொழும்புக்குப் போயிருக்கா" என்று சொல்லிவிட்டேன்.

அதன்பின் மகள் அம்மாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்து ஒருநாள் காலையில் துறைமுகப் பக்கம் இருவரும் நடந்து போனோம். கொழும்புக் கப்பலில் வந்தவர்கள் கரையிறங்கிக்கொண்டிருந்தார்கள். மகள் என் கையை உதறிவிட்டு, தகரப்பெட்டியோடு வந்த ஒரு அம்மாளிடம் ஓடினாள்.

"கொழும்புல எங்கம்மாவப் பாத்தியளா? மூக்குல செவப்புக்கல் போட்டிருப்பா."

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். "ஏளா, கொழும்பு என்ன நம்மூருச் சந்தையா? அண்ணாச்சி, எந்தத் தெருவுல இருக்காவ? நீங்களாவது சொல்லுங்க."

எனக்கு அந்நியரிடம் பேசவே கூச்சம். இன்னொரு பொய் வாயில் வரவில்லை. மகள் முன்னால் குந்தி உட்கார்ந்தேன்.

"அம்மா ஓட்டப்பிடாரத்துல இருக்கா தாயி. நாங்க தீத்துக்கிட்டுப் பிரிஞ்சிட்டோம். நான்தான் பொய் சொன்னேன்."

அழப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அப்பம் அம்மா போன கப்பலு குண்டு போட்டு முங்கலையாப்பா?"

தெருக்கடை வாசலில் நானும் ஊர்க்காரர்களும் பேசிய யுத்தச் செய்திகளையெல்லாம் அவள் கேட்டிருக்கிறாள். அத்தனை மாதமும் அந்தப் பயத்தோடு என் பக்கத்திலேயே படுத்திருந்தாள். நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.