சவப்பெட்டி அறைக்குக் குடிபோன கர்னல்

இன்று காலை ரொட்டி வாங்கப் போன வழியில் சுனில்டா கார்வஹாலைப் பார்த்தேன். எங்கள் இயாபெல் ஊரில் அவரைத் தெருவில் பார்ப்பதே அபூர்வம். அதிலும் இன்றைக்கு, தோளில் ஒரு கம்பளி கிடக்க, வெள்ளைத் துணி போர்த்திய ஒரு பெரிய கூண்டை இரண்டு கையாலும் அணைத்தபடி, அப்தோன் பிசார்ரோவின் சவப்பெட்டிக் கடையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். எதிரே வந்த இரண்டு பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ரொட்டிக் கடைக்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"யாரும்மா போயிட்டாங்க?"

"யாரும் போகல. இவங்க குடிபோறாங்க," என்றார் சுனில்டாம்மா. நிற்கவில்லை.

துணிக்குள் இருந்தது கர்னலும் அவன் மகன் பொரோத்தோவும். இரண்டும் சின்சில்லா. அணிலுக்கு முயல் காதை ஒட்டி, மேலே மேகத்தைச் சுற்றிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. அவர் என்னைப் பார்த்ததும் முழங்கையில் தொங்கிய பையைக் காட்டினார்.

"சும்மாதானே நிக்குற, இதைப் பிடி. அவங்க குளிக்கிற சாம்பல். தண்ணி கிண்ணி பட்டுச்சுன்னா உன்னைத் தொலைச்சிருவேன்."

சின்சில்லா தண்ணீரில் குளிக்காது. குளித்தால் அந்த அடர்ந்த ரோமம் காயவே காயாமல் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். எரிமலைச் சாம்பலில் புரண்டு எழும், அவ்வளவுதான். ரொட்டியை மறந்துவிட்டு நான் சாம்பலைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

எங்கள் ஊரில் டாக்ஸி நிறுத்தத்தின் பலகையில் சின்சில்லா, பள்ளிக்கூடச் சட்டையில் சின்சில்லா, குளிர்பானக் கடை வாசலில் ஆள் உயரத்துக்கு சிமெண்டுச் சின்சில்லா. இந்தக் குன்றுகளில் அவை மந்தை மந்தையாக இருந்த காலத்தில் எங்கள் தாத்தாக்கள் பிடித்துத் தோலை உரித்து, கடல் தாண்டி இருந்த சீமாட்டிகளின் கோட்டுக்காக அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியவற்றை இப்போது அரசாங்கம் வேலி போட்டுக் காக்கிறது. ஊரே சின்சில்லா மேல் உயிராக இருக்கிறது, அது இல்லாமல் போன பிறகு.

சுனில்டாம்மா இளவயதில் கடற்கரைப் பக்கம் ஒரு ரோமப் பண்ணையில் வேலைக்குப் போனவர். கூண்டு கழுவுவது, வைக்கோல் வைப்பது. ரோமக் கோட்டுக்கு மவுசு போய்ப் பண்ணையை மூடிய அன்று, ஞாபகமாக ஒரு ரோமக் கழுத்துப்பட்டை தரட்டுமா என்று முதலாளி கேட்டாராம்.

"பட்டை வேணாங்கய்யா. அதோட சொந்தக்காரங்களைக் கொடுங்க."

அப்படி முறையான அனுமதியோடு வந்தவர்கள்தான் கர்னலும் துகேசாவும். ஒன்றுக்கொன்று ரத்த சம்பந்தம் இல்லாத ஜோடியாகப் பார்த்துப் பார்த்து எடுத்தார். கொஞ்ச காலத்தில் துகேசாவுக்கு இரண்டு குட்டிகள் பிறந்தன, ஆணில் பொரோத்தோ, பெண்ணில் மினா. பிறக்கும்போதே கண் திறந்து, ரோமம் முளைத்து, தாயைச் சுற்றி ஓடின. அன்றைக்கே கர்னலைத் தூக்கி வேறு கூண்டில் போட்டுவிட்டார் சுனில்டாம்மா. ஏனென்றால் துகேசா பெற்ற அன்றே மறுபடி கருத்தரித்துவிடும். பக்கத்து வீட்டு ஓர்பெலினா மதில் மேலிருந்து கேட்டுவிட்டாள்.

"பாவம் அவன், பிள்ளை முகத்தைக்கூட முழுசா பாக்கல. நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"பொம்பளையா இருக்கறதாலதான் பிரிக்கிறேன். நீ அஞ்சாறு பெத்தப்ப ஒருத்தர் குறுக்க நின்னிருந்தா கும்பிட்டிருப்ப."

பொரோத்தோ வளர்ந்ததும் அவனையும் அப்பாவின் கூண்டுக்கு மாற்றினார். அண்ணனும் தங்கையும் ஒன்றாக இருக்கக்கூடாதே. ஓர்பெலினாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை.

"இதுக்கெல்லாமா முறை பாப்பாங்க? நானும் என் வீட்டுக்காரரும் ஒரே தாத்தாவோட பேரப்பிள்ளைங்க. எங்க பிள்ளைங்க நல்லாத்தானே இருக்கு?"

சுனில்டாம்மா மதிலுக்கு அந்தப் பக்கம் ஓர்பெலினாவின் பிள்ளைகள் ஒரு கழுதையின் முதுகில் மூன்று பேராகப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அதான் பாத்துக்கிட்டே இருக்கேனே," என்றார்.

ஆனால் அவர் வீட்டில் குளிர்ச்சியான அறை என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான், தடித்த மண்சுவர் வைத்த பின்னறை. அதில் அம்மாவும் மகளும். அப்பாவும் மகனும் இவருடைய படுக்கையறையில். இவர் அடுப்படியில் கட்டில் போட்டுக்கொண்டார். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கதவிடுக்கு வழியாகப் பெண்களின் வாசனை வர, இத்தனை நாள் ஒருவர் முதுகில் ஒருவர் தலை வைத்துத் தூங்கிய அப்பனும் மகனும் சண்டை போட ஆரம்பித்தார்கள். பொரோத்தோவின் காதில் ஒரு துண்டு காணாமல் போனது. போதாக்குறைக்கு எங்கள் பக்கத்துக் கோடையான டிசம்பர் வந்தால் அந்தப் படுக்கையறையில் மேற்கு வெயில் நேராக இறங்கும். சின்சில்லாவுக்கு வியர்க்காது. சூடு ஏறினால் படுத்துவிடும், பிறகு எழாது.

நாலையும் ஒரே கூண்டில் போட்டுவிட்டால் இடப் பிரச்சினையும் இல்லை, ஊர் வாயும் அடங்கும். அதை மட்டும் அவர் செய்யமாட்டேன் என்றார். வெயில் வருவதற்குள் அப்பனுக்கும் மகனுக்கும் ஒரு நல்ல வீடு கிடைத்தாக வேண்டும். இதுதான் இந்த வசந்த காலம் முழுக்க அவருடைய தூக்கத்தைக் கெடுத்த விஷயம்.

கேட்டு வந்தவர்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் சுனில்டாம்மா யாருக்கும் சும்மா கொடுத்துவிடுவாரா? முதலில் வந்தவர் நகராட்சியிலிருந்து ரூபிலார். சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பக்கத்தில் கூண்டை வைக்கப் போவதாகச் சொன்னார்.

"தாராளமா. எந்த இடம்னு காட்டுங்க," என்று அவரோடு சதுக்கத்துக்கே போனார் சுனில்டாம்மா. மலையில் குதிரை ஓட்டுகிறவர்கள் குளிர்காலத்தில் போடும் கனத்த கம்பளியை எடுத்துப் போயிருந்தார். அதை ரூபிலாருக்குக் கழுத்துவரை போர்த்தி, குடில் வரப்போகும் இடத்தில் உட்கார வைத்தார். உச்சி வெயில்.

"என்ன இது சுனில்டாம்மா, எதுக்கு?"

"அவங்களால இதைக் கழட்ட முடியாது. நீங்களும் கழட்டாதீங்க."

கொஞ்ச நேரத்தில் ரூபிலாரின் முகம் தக்காளியாகிவிட்டது. குடிலில் வைக்க மாடு, கழுதை பொம்மைகளே போதும் என்று அவராகவே சொல்லிவிட்டு எழுந்தார்.

கம்பளியைத் தாங்கியவர்களுக்கு அடுத்த சோதனை திராட்சை. எங்கள் பக்கம் யார் சட்டைப் பையில் கைவிட்டாலும் நாலு காய்ந்த திராட்சை வரும். குழந்தை அழுதால் திராட்சை, விருந்தாளி வந்தால் திராட்சை, பிரியம் என்று வாயால் சொல்ல வெட்கமாக இருந்தாலும் திராட்சை. சின்சில்லாவின் குடலோ வைக்கோலுக்காகவே படைத்தது. இனிப்பு போனால் வயிறு உப்பித் துடித்துப் போகும். சுனில்டாம்மா கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு நிறையத் திராட்சை வைத்துவிட்டு, "டீ போட்டுக்கிட்டு வரேன்" என்று உள்ளே போவார். கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். இந்த ஊர்க்காரர் ஒருவர்கூட அதில் தேறவில்லை. பாதிரியார் கூட ஒன்றே ஒன்றுதான் என்று கம்பி வழியாக நீட்டினார். கதவு திறந்தது.

"ஆண்டவர் மன்னிப்பாரும்மா," என்றார் பாதிரியார், கையை இழுத்துக்கொண்டு.

"அவர் மன்னிப்பார் ஃபாதர். குடல் மன்னிக்காது."

இப்படி ஊரில் உள்ள நல்லவர்கள் எல்லாரையும் அவர் தள்ளிவிட்ட பிறகு, போன வாரம் அப்தோன் பிசார்ரோ வந்து கதவைத் தட்டினார். சவப்பெட்டி செய்பவர் தட்டினால் எந்த வீட்டிலும் உடனே திறக்க மாட்டார்கள். அதிலும் சுனில்டாம்மாவின் கணவர் எலியோதோரோ இறந்தபோது அப்தோனுக்கும் அவருக்கும் ஆகாமல் போயிருந்தது. உயரம் என்ன, தோள் அகலம் என்ன, செருப்போடா செருப்பில்லாமலா, பக்கவாட்டில் படுப்பாரா மல்லாந்து படுப்பாரா என்று அப்தோன் கேட்டுக்கொண்டே போக, ஒரு மனிதனைப் பெட்டியில் வைக்க இத்தனை கேள்வியா என்று சுனில்டாம்மா அழுதுகொண்டே கத்திவிட்டார். அதற்குப் பிறகு பேச்சில்லை.

போன வாரம் நடந்ததை ஓர்பெலினா மதில் மேலிருந்து முழுசாகப் பார்த்திருக்கிறாள்.

சுனில்டாம்மா கேட்டாராம், கூண்டு எங்கே வைப்பீங்க, வெயில் எந்தப் பக்கம், ராத்திரி விளக்கு எரியுமா, நாய் உண்டா, வைக்கோல் எங்கே வாங்குவீங்க, உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பாப்பாங்க. அப்தோன் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாராம்.

"ரெண்டு பேரைப் பெட்டியில வைக்க இத்தனை கேள்வியா சுனில்டா?"

சுனில்டாம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் தட்டை வைத்துவிட்டுத்தான் டீ போடப் போனார். திரும்பி வந்து பார்த்தால் தட்டில் ஒரு திராட்சை இல்லை. கர்னலின் கூண்டிலும் இல்லை. அப்தோன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் நீங்களேவா தின்னீங்க?"

"எனக்குன்னு வச்சதா நினைச்சேன். தப்பா?"

"கம்பளி?"

"அதை என் கடையில வந்து போர்த்துங்க. குளிரா இருக்கும், நல்லாயிருக்கும். பலகை வெடிக்கக்கூடாதுன்னு அங்க ஏ.சி. நிக்கவே நிக்காது."

எதற்கு இவற்றைக் கேட்கிறார் என்று கேட்டதற்கு, தன் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அழுதுகொண்டேதான் வருகிறார்கள் என்றாராம். "துள்ளிக்கிட்டு ஏதாவது ஒண்ணு அங்க இருக்கட்டுமே. அவங்களும் ராத்திரி முழிப்பு, நானும் ராத்திரி முழிப்பு."



சரி, இன்று காலைக்கு வருகிறேன். நாங்கள் போனபோது கடையின் முன்கூடத்தில் யாருக்கோ அஞ்சலி நடந்துகொண்டிருந்தது. சுனில்டாம்மா வாசலைத் தாண்டியதும் சட்டென்று நின்றார். மேசை மேல் மதுவில் போடுவதற்காக ஒரு கிண்ணம் நிறைய காய்ந்த திராட்சை. சுற்றி முப்பது, நாற்பது பேர், எல்லாருக்கும் சட்டைப் பை. அதில் ஒரு பெரியவர் அதற்குள் துணியைத் தூக்கிப் பார்த்து, "அடடா, செல்லமே" என்று பைக்குள் கையை விட்டார்.

சுனில்டாம்மா கூண்டோடு திரும்பிவிட்டார்.

"வேணாம் அப்தோன். என் வீடு சூடுதான். அங்க திங்கறதாவது நான் குடுக்கறதை மட்டும்தான் தின்னுவாங்க."

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு எடுத்துப்போனால் அடுத்த மாதம் என்ன ஆகும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்.

அப்தோன் அவசரப்படவில்லை. கூடத்தைத் தாண்டி ஒரு கதவைத் திறந்தார். திரை போட்ட, மங்கலான, சில்லென்ற அறை. சுவரோரம் சவப்பெட்டிகள் மூடி திறந்தபடி வரிசையாக.

"கூண்டு இங்கதான். இதுவரைக்கும் உசிரோட இருக்கிற ஒருத்தனும் இந்த ரூம்ல அஞ்சு நிமிஷம் நின்னதில்ல. திராட்சை குடுக்க யாரு வருவா?"

சுனில்டாம்மா உள்ளே போனார். ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து மோந்து பார்த்தார். வார்னிஷ் வாசனை இல்லை, அந்த வேலை பின்பக்கக் கொட்டகையில். மூலையில் பற்களைத் தேய்த்துக்கொள்ள வாகாக, வார்னிஷ் படாத வெறும் மரத்துண்டுகள் அடுக்கி இருந்தன. அவற்றையும் மோந்தார். பிறகு தோளில் கிடந்த கம்பளியை எடுத்துத் தானே போர்த்திக்கொண்டு, ஒரு சவப்பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தார். நாங்கள் நின்றோம். அவருக்கு வியர்க்கவில்லை.

துணியை எடுத்தார். கர்னல் மீசையை ஆட்டி, பெண்களின் வாசனை எட்டாத அந்த அறையை மோந்தான். பொரோத்தோ ஏறி அவன் முதுகில் தலை வைத்துப் படுத்துக்கொண்டான். கடிபட்ட அந்தக் காது மடங்கியது. எத்தனை மாதம் கழித்து.

வெளியே வந்ததும் சுனில்டாம்மா ஏப்ரன் பைக்குள் கைவிட்டார். ஒரே ஒரு திராட்சை. கூண்டு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு யாராவது சின்சில்லா வாங்கிப் பரிசு கொடுக்கப் போவதாகச் சொன்னால், தயவுசெய்து அவர்களுக்கு இதை அனுப்புங்கள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். இயாபெல் பக்கம் வந்தால் அப்தோன் கடைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள், அதற்காக யாரும் சாக வேண்டியதில்லை. சாயங்காலம் இருட்டிய பிறகு போனால் இருவரும் சாம்பலில் புரள்வதைப் பார்க்கலாம். போகும் முன் சட்டைப் பையை மட்டும் காலி செய்துவிடுங்கள்.