கடைசி வசனம் சபைக்கு

எனக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது. ஞாயிறு பள்ளியில் வேதத்தை வைத்து எழுத்துக்கூட்டியதுதான் என் படிப்பு. ஆனால் அதில் வரும் நூற்றைம்பது சங்கீதப் பாட்டுகளில் பாதிக்கு மேல் வாய்ப்பாடம். தெற்கே திருநெல்வேலிப் பக்கம் எங்கள் சபையில் அப்படித்தான் வளர்த்தார்கள். திருப்பூருக்குப் பிழைக்க வந்தபோது அதையும் கொண்டுதான் வந்தேன். யாரிடமும் கையேந்த வரவில்லை.

என் மகன் சாயப்பட்டறையில் வேலை பார்த்தான். ஒரு நாள் கழிவுத்தண்ணீர்த் தொட்டியில் சகதி அள்ள இறக்கிவிட்டார்கள். உள்ளே விஷவாயு. இறங்கினவன் ஏறவில்லை. முதலாளி இந்த ஊர்க் கவுண்டர் வீட்டுக்காரர், கெட்ட வார்த்தை வாயில் வராது. அடக்கத்துக்கு வந்தார். என் மருமகளுக்குத் தன் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை போட்டுக் கொடுத்தார். "விதிங்கம்மா, நாம என்னங்க பண்றது" என்றார். தொட்டிக்குள் விதியா இறங்கச் சொன்னது?

வருஷம் திரும்பியது. நினைவு ஆராதனைக்கு எந்தச் சங்கீதம் வாசிப்பது என்று துக்கவீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும், அது எங்கள் வழக்கம். ஐயர் கேட்க வந்தார். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்லுவோம். சின்ன வயசுக்காரர், நன்றாகப் படித்தவர், நல்ல மனுஷர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"எண்பத்தெட்டு" என்றேன்.

அவர் கையில் இருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அந்தச் சங்கீதத்தைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மற்றச் சங்கீதங்களில் அழுகிறவன் கடைசியில் எப்படியாவது கர்த்தரைத் துதித்துவிடுவான். இதில் அது கிடையாது. குழியில் கிடக்கிறேன், கூப்பிடுகிறேன், நீர் முகத்தைத் திருப்பிக்கொண்டீர் என்று சொல்லிக்கொண்டே போய், இருட்டிலேயே முடிந்துவிடும்.

"அம்மா, மேய்ப்பன் சங்கீதம் வைத்துக்கொள்வோமே. எல்லாருக்கும் ஆறுதலாக இருக்கும்."

"எல்லாருக்குமா செத்தான்? எனக்குல்லா செத்தான்."

ஐயர் பொறுமையாக விளக்கினார். எபிரெயர்கள் பாடின பாட்டானாலும் அதற்குள்ளே பேசுகிறது கிறிஸ்துவாம். குழி என்றால் அவருடைய கல்லறை. இருள் என்றால் அவர் நமக்காகப் பட்ட இருள்.

"அப்போ என் இருட்டு யாருது ஐயா?"

"அதையும் அவரே சுமந்துவிட்டார் அம்மா."

"சுமந்துட்டாருன்னா எனக்கு ஏன் இன்னும் கனக்கு?"

மருமகள் கதவோரம் நின்று, "அத்தை, முதலாளியும் வாராவ. குழி குழின்னு வாசிச்சா அவுகளைக் குத்துற மாதிரி இருக்கும். நாளைக்கு நான் அங்கதான வேலைக்குப் போகணும்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் நான் விடவில்லை. என் மகனுக்காக ஒரே ஒரு தரம், மழுப்பாமல், முழுசாக அது வாசிக்கப்பட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வழக்கம் வழக்கந்தானே. ஐயர் சம்மதித்தார்.

திருப்பூர் மண்ணரையில் எங்கள் கோயில் ஒரு தகரக் கொட்டகை. பக்கத்துக் கம்பெனியில் மெஷின் ஓடினால் பிரசங்கம் கேட்காது. அன்றைக்கு ஞாயிறு, மெஷின் இல்லை. முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். சங்கீதத்தை நாங்கள் உட்கார்ந்து மாற்றி மாற்றி வாசிப்போம். ஒரு வசனம் ஐயர், அடுத்தது சபை. முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று பிதா, குமாரன், பரிசுத்த ஆவிக்கு மகிமை சொல்லுவோம். எந்தச் சங்கீதமானாலும் அந்த வால் உண்டு.

வாசிக்க வாசிக்கச் சபையில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஜனங்களுக்குக் கூச்சம். மருமகள் உதடு அசையவேயில்லை. கடைசி வசனம் சபையின் முறை. சிநேகிதரையும் தெரிந்தவர்களையும் என்னைவிட்டுத் தூரமாக்கினீர் என்று வரும். அதை நான் ஒருத்திதான் வாசித்தேன், புத்தகத்தைப் பார்க்காமல். இருள் என்ற சொல்லோடு நிறுத்தினேன். அந்த இடத்தில் கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம். ஒரு மூச்சு விடுகிற நேரம் போதும்.

ஐயர் விடவில்லை. நான் வாய் மூடுமுன் இரண்டு கையையும் உயர்த்தி மகிமையைத் தொடங்கினார். கொட்டகையே எழுந்தது. எல்லாரும் நிற்கிறார்களே என்று முதலாளியும் எழுந்தார். மருமகள் என் தோளைத் தொட்டாள். பிறகு அவளும் எழுந்துவிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. என் பிள்ளையைக் குழிக்குள் விட்டுவிட்டு மேலே நின்று மகிமை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிரசங்கத்தில் ஐயர், எனக்குச் சொன்னதையே சபைக்கும் சொன்னார். இந்தக் குழி நம் ஆண்டவர் கிடந்த குழி, இதில் வேறு யாரையும் தேட வேண்டாம் என்றார். அழகாகத்தான் பேசினார். ஒன்றிரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

வெளியே டீயும் வர்க்கியும் கொடுத்தோம். முதலாளி என் பக்கத்தில் வந்து கையைக் குவித்தார்.

"ஏனுங்கம்மா, மொதல்ல வாசிக்கறப்ப எனக்குத் திக்குன்னு ஆயிப்போச்சுங்க. நம்மளைத்தான் சொல்றாங்களோன்னு. அப்பறம் அய்யரு வெவரமா சொன்னாருங்க, அது உங்க சாமியோட கதைன்னு. இப்பத்தானுங்க மனசு லேசாச்சு."

ஒரு வருஷமாக அந்த மனுஷர் தூங்கவில்லையோ என்னவோ. தூங்காமல் இருந்திருந்தால் அது ஒன்றுதான் என் மகனுக்கு மிச்சம். அதையும் ஐயர் பிரசங்கத்தில் பறித்துவிட்டார்.

"நல்லதுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? மருமகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். கோயில் ஐயருடையதல்ல. அவர் மாற்றலாகிப் போய் வேறொருவர் வந்தார். சங்கீதம் முடிந்து எல்லாரும் நிற்கும்போது நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "முட்டுவலியா அம்மா? பரவாயில்லை, உட்கார்ந்தே சொல்லுங்கள்" என்றார்.

"முட்டுக்கு ஒண்ணுமில்ல ஐயா" என்றேன். "நான் சொல்லவும் இல்ல."